மக்கரோனிக்குக் கடல்தண்ணீர் எடுத்த விபரம்

குருநகர்,
1939 ஆனி 9

பேசாலையில் இருக்கும் அன்புள்ள அண்ணை நீக்கிலாப்பிள்ளைக்குத் தங்கை கத்தரீனா எழுதிக்கொள்வது. தேவமாதா உங்களையும் மச்சாளையும் பிள்ளைகளையும் வலைகளையும் ஒரு குறையும் வராமல் காத்துக்கொள்ளட்டும்.

நான் கடலில் விழுந்து சாகப் போனேன் என்று பக்கத்து வீட்டு லூர்த்தம்மா உங்களுக்கு ஆள் விட்டுச் சொன்னதாகவும், நீங்கள் வந்து என்னைக் கையோடு கூட்டிக்கொண்டு போகப்போவதாகவும் அறிந்தேன். அண்ணை, நான் போனது மக்கரோனி அவிக்கத் தண்ணீர் எடுக்க. வரவேண்டாம். போன கார்த்திகைக் காற்றில் இவர் தோணியோடு போனபிறகு, சுவாமிமார் இருக்கிற மீசாம் குசினியில் கிடைத்த சமையல் வேலைதான் விடியப்புறத்தில் என்னைப் பாயிலிருந்து எழுப்புகிறது. அதையும் விட்டுவிட்டு வந்து உங்கள் வீட்டில் எந்த மூலையைப் பார்த்துக்கொண்டு இருப்பேன்?

நடந்தது இதுதான். இத்தாலியிலிருந்து புதிதாக வந்த சுவாமியார் தன் ஊர்ச் சாப்பாடு வேண்டுமென்று ஒரு பெட்டி தந்தார். உள்ளே ஈர்க்குக்கட்டு மாதிரி, மாவினால் செய்த நீளக் குச்சிகள். அதுதான் மக்கரோனியாம். இடியப்பத்தைக் காயவிட்டு அனுப்பியிருக்கிறார்கள் என்று நினைத்து, தட்டில் வைத்து நீராவியில் அவித்தேன். ஒரு மணித்தியாலம் அவிந்தும், கட்டி முற்றம் கூட்டலாம் போல நின்றது. சுவாமியார் குசினிக்கே வந்து பார்த்துச் சிரித்து, அதைக் கொதிக்கிற தண்ணீருக்குள் போட வேண்டும், தண்ணீர் கடல்தண்ணீர் மாதிரி இருக்க வேண்டும் என்று அரைத் தமிழில் சொல்லிப் போனார். கடல் முன்னாலே கிடக்கிறது, பிறகென்ன மாதிரி? பானையை எடுத்துக்கொண்டு போனேன்.

புருசன் செத்தவள் ஒருத்தி பானையோடு கடலுக்குள் இறங்கினால் ஊர் என்ன நினைக்கும் என்று எனக்கு யோசனை வரவில்லை. கருவாடு காயப்போட்டுக்கொண்டு நின்ற லூர்த்தம்மா கண்டுவிட்டுப் பாய்ந்து வந்து என் கொண்டையைப் பிடித்தாள்.

"எடியே, அவன் போனது போதாதே, நீயும் போறியே?"

"மக்கரோனிக்குத் தண்ணியடி. விடு."

அப்படியொரு சொல்லை அவள் கேட்டதே இல்லை. பாவி பிசத்துறாள் என்று இன்னும் நாலுபேரைக் கூப்பிட்டாள். ஐந்துபேருமாக என்னைக் கரைக்கு இழுத்தார்கள், நான் பானையை விடவில்லை. எங்கடை கரையில் தாழுறதெண்டால் அரைமைல் நடக்கவேணும் அண்ணை. சாகிறதுக்கு அவ்வளவு பொறுமை ஆருக்கு இருக்கு?

ஐந்துபேரும் குசினிவரை காவலுக்கு வந்து வாசலில் நின்றார்கள். அன்று பட்ட விளைமீனை முள் நீக்கி, தக்காளிப்பழத்தை உள்ளியோடு வதக்கிக் குழம்பாக்கி, மிளகாய்த்தூளைத் தொடாமல் கையை அடக்கிக்கொண்டு இறக்கினேன். மக்கரோனியும் அந்தக் கடல்தண்ணீரில் மெத்தென்று அவிந்தது. சுவாமியார் ஒரு வாய் வைத்தார். கண்ணால் தண்ணீர் வந்தது. ஊர் நினைவாக்கும் என்று நாங்களும் மூக்கைச் சிந்தினோம். உப்பு, அண்ணை. ஆனையிறவு உப்பளம் முழுக்க அந்தக் கோப்பைக்குள் கிடந்தது. ஆனாலும் அந்த மனுசன் மிச்சம் வைக்காமல் சாப்பிட்டு, மூன்று செம்பு தண்ணீர் குடித்து, "நாளைக்குக் கிணற்றுத் தண்ணீர், கத்தரீனா" என்றார். வேலை போகவில்லை.

ஆகையால் நான் சுகம். லூர்த்தம்மாவின் கதையை நம்பவும் வேண்டாம், வரவும் வேண்டாம். மச்சாளுக்கு என் அன்பும், பிள்ளைகளின் நெற்றியில் என் பேரால் ஒவ்வொரு சிலுவை அடையாளமும்.

இப்படிக்குத் தங்கை,
கத்தரீனா

பிற்குறிப்பு: ஒண்டை எழுதாமல் விட்டிட்டன். பானை முழங்கால் தண்ணியிலேயே நிறைஞ்சிட்டுது. நான்தான் நிக்காமல் இடுப்பளவுக்குப் போனனான். சாகிறதுக்கு இல்லை அண்ணை. இவர் போன பக்கம் பாத்து, ஏழு மாசத்துக் கதையையும் சொல்லிக்கொண்டு நிண்டனான். மறுமொழி இல்லை. உயிரோடை இருக்கேக்கையும் அப்பிடித்தான். நீங்கள் வாங்கோ. கூட்டிக்கொண்டு போறதுக்கு இல்லை. ரெண்டு நாள் இருந்து, மறுமொழி சொல்லிக் கதைக்க.