நாலாவது திரையில் இருந்த இருபத்தாறு பேர்

தோட்டத்து ஆபீஸ்,
ரந்தாவ்.
9.11.1997

தங்கை நீலாவதிக்கு அண்ணன் கணேசமூர்த்தி எழுதுவது.

இங்கே நானும் ஆபீஸ் கம்பியூட்டரும் நலம். அங்கே நீயும் மாப்பிள்ளை ராமகிருஷ்ணனும் நலம் என்பதை, உங்கள் மகள் சுகுணாவின் கல்யாணப் பத்திரிகை கனத்த கனத்திலிருந்தே தெரிந்துகொண்டேன். பத்திரிகை தபாலில் வந்தது. சிரம்பானிலிருந்து இங்கே வர பஸ்ஸில் அரை மணி நேரம்தான். அந்த அரை மணி நேரம் உங்கள் இருவருக்கும் கிடைக்கவில்லை என்பதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, தேதியை மட்டும் குறித்து வைத்தேன். கல்யாணத்துக்கு நான் வரப்போவதில்லை. அதற்கான காரணத்தை முறையாகச் சொல்ல வேண்டுமானால் கம்பியூட்டரிலிருந்து தொடங்க வேண்டும்.

மூன்று மாதத்துக்கு முன், ஆபீஸ் கணக்கெழுதும் பெரிய கிராணி என்று கம்பெனி எனக்கு ஒரு கம்பியூட்டரை அனுப்பி, அதைச் சொல்லிக்கொடுக்கச் சந்திரன் என்பவரையும் அனுப்பியது. தமிழ் எழுத்தெல்லாம் போட்டுக் கொடுத்துவிட்டு அவர், "ஒரே திரைன்னு நெனச்சிடாதீங்க சார், உள்ளுக்க நாலு இருக்கு. ஒவ்வொன்னுக்கும் ஒரு வேல, ஒரு கலரு, ஒரு படம் வச்சிக்கலாம். ஒன்னுல இருக்கிறது இன்னொன்னுல தெரியாதுலா" என்றார். அவர் கடைசியாகச் சொன்னது எனக்குப் பிடித்துப்போயிற்று. முதல் திரைக்குப் பச்சை நிறம் கொடுத்து, தோட்ட வேலைக்கு வைத்தேன். இரண்டாவது மஞ்சள், மாரியம்மன் படம். என்னைக் கோயில் கமிட்டிச் செயலாளர் பதவியிலிருந்து எடுத்த நாளிலிருந்து, கமிட்டிக் கூட்டத்தை நானே தனியாக நடத்தி வருவது உனக்குத் தெரியாது. நானே முன்மொழிந்து, நானே வழிமொழிந்து, ஏகமனதாக நிறைவேற்றி, அந்தத் திரையில் குறித்து வைக்கிறேன். ஆள் போதவில்லை என்று கூட்டம் ஒருமுறைகூடத் தள்ளிப்போனதில்லை. மூன்றாவது இளநீலம், வீட்டுக்கு. கல்யாணம் செய்துகொள்ளாத ஒருவனின் வீட்டுத் திரையில் எதை வைப்பது? ஒரு வாரம் யோசித்துவிட்டு ஒரு கடிகாரம் வைத்தேன். நாலாவது கறுப்பு, படம் கிடையாது. எனக்குக் குறை செய்தவர்களின் பெயர், தேதி, காரணம், எல்லாம் அதில். மொத்தம் இருபத்தாறு பேர். உண்மையைச் சொன்னால், வேலை முடிந்து எல்லாரும் போனபின் நான் உட்கார்ந்து பார்ப்பது இந்தத் திரையைத்தான்.

போன திங்கட்கிழமை, சேமநிதிப் பாரத்தில் கையெழுத்துப் போடாதவர்களின் பட்டியலை ஒட்ட வேண்டியிருந்தது. பச்சைத் திரையில், 'கீழ்க்கண்டவர்கள் இன்று மாலைக்குள் பெரிய கிராணியை ஆபீசில் வந்து பார்க்கவும்' என்று தலைப்பை அடித்து முடித்தபோது, ஆட்களை மேய்க்கும் மண்டோர் முனியாண்டி எனக்கு வணக்கம் சொல்லாமல் ஜன்னலைக் கடந்து போனான். உடனே கறுப்புத் திரைக்குப் போய் அவன் பெயருக்கு நேரே இன்னொரு தேதி சேர்த்துவிட்டு வந்தேன். வந்த வேகத்தில் தலைப்புக்குக் கீழே கொண்டுவந்து போட்டது அந்தக் கறுப்புத் திரைப் பட்டியலை. பிரிண்டர் கத்துகிற கத்தலில் நான் எதையும் படித்துப் பார்க்கவில்லை. அதே முனியாண்டியிடம் கொடுத்தேன். அவனும் படிக்காமல், பெரட்டுக் களத்தில் ஆட்கள் வேலைக்குப் பேர் கொடுக்கிற இடத்தில், பலகையில் ஒட்டினான். லாரி ஓட்டும் மணியம் அதைப் பெஞ்சில் ஏறி நின்று உரக்கப் படித்திருக்கிறான், தேதி காரணத்தோடு.

மத்தியானத்துக்குள் என் ஆபீஸ் வாசலில் வரிசை கட்டிவிட்டார்கள். முதலில் மாரியம்மா. 1989 தீபாவளிக்கு நான் பலகாரம் அனுப்பிய தட்டை ஒன்றுமே வைக்காமல் வெறுமனே திருப்பி அனுப்பியவள். "எட்டு வருசமா இந்தத் தட்டையா நெனச்சிக்கிட்டு இருந்தீங்க, கிராணியாரே? அந்த வருசம் எங்க மாமியா செத்துப்போச்சு, வீட்டுல எண்ணெச் சட்டியே வைக்கல! கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்ல!" என்று மேசையைத் தட்டினாள். முனியாண்டி, "வணக்கம் சொன்னேன் ஐயா, வாயில வெத்தல. மண்டைய ஆட்டுனேனே, பாக்கலயா?" என்றான். மணியம் வாசலில் நின்றுகொண்டு, "என் பேருல மூணு தேதி இருக்கு, மத்தவனுக்கெல்லாம் ஒன்னு, ரெண்டுதான். நான்தான் பஸ்டு!" என்று பெருமையடித்தான். ஆயாக்கொட்டகையில் பிள்ளை பார்க்கிற பஞ்சாலை கண் கலங்கி நின்றாள். பட்டியலில் அவள் பெயரே கிடையாது. "அதான் கேக்கிறேன். முப்பது வருசமா இதே தோட்டத்துல இருக்கேன். என்னைய மட்டும் ஒரு ஆளாவே எண்ணலயா?" பெயர் எழுதுகிற அளவுக்கு அவள் எனக்கு ஒன்றும் செய்யவில்லை. நானும் அவளிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. நாற்காலி போட்டு உட்கார வைத்தேன். மாலைக்குள் இருபத்துநாலு பேர் வந்து, சண்டை போட்டு, காப்பி குடித்து, தங்கள் பெயரை என் எதிரிலேயே அழிக்க வைத்துவிட்டுப் போனார்கள். என் ஆபீசில் இத்தனை பேர் சம்பள நாளில்கூட உட்கார்ந்ததில்லை.

அன்றிலிருந்து வேலை முடிந்ததும் கறுப்புத் திரையைத் திறக்கிறேன். பார்க்க அங்கே பெரிதாக ஒன்றும் இல்லை. பெரட்டுக் களத்துப் பலகை சிரம்பான் வரைக்கும் எட்டாது என்பதால் மிஞ்சியிருப்பது இரண்டே பெயர்கள், உன்னுடையதும் மாப்பிள்ளையுடையதும். 'சுகுணா காதுகுத்து, 1975. பஸ் பழுதாகி நான் வரப் பதினைந்து நிமிஷம் பிந்தியதற்காக, தாய்மாமன் மடியில் உட்கார வேண்டிய பிள்ளையை மாப்பிள்ளையின் அண்ணன் மடியில் உட்கார வைத்தது.' நான் வந்தபோது பிள்ளை அழுது முடித்துவிட்டிருந்தது. மடியில் விரிக்க வாங்கிய புதுத் துண்டோடு அப்படியே திரும்பினேன். நீ வாசல் வரை ஓடி வந்து, "நல்ல நேரம் போயிரும்னு அய்யரு சத்தம் போட்டாருண்ணே, நான் என்ன செய்ய?" என்றாய். அதற்கு நான் பதில் சொல்லவில்லை, இருபத்திரண்டு வருஷமாகச் சொல்லவில்லை. மாரியம்மாவைப் போல நீயும் வந்து மேசையைத் தட்டியிருந்தால் அன்றே அழித்திருப்பேன். நீ வரவில்லை, பத்திரிகைதான் வந்தது. அதில் தாய்மாமன் என்று என் பெயரைப் பெரிய எழுத்தில் போட்டிருப்பதால் மட்டும் மனம் மாறிவிடுகிற ஆள் நான் இல்லை. ஆகவே வரமாட்டேன். இந்த இரண்டு பெயரையும் அழிப்பதாகவும் இல்லை. அழித்துவிட்டால் அந்தத் திரையில் நான் எதைப் பார்த்துக்கொண்டு உட்காருவது?

சுகுணாவும் மாப்பிள்ளைப் பையனும் ஒருவர் மேல் ஒருவர் தேதி குறித்து வைக்காமல் நெடுங்காலம் வாழ அம்மன் துணை இருக்கட்டும். உன் வீட்டுக்காரரிடம் விசாரித்ததாகச் சொல். சொல்லாவிட்டாலும் பாதகமில்லை.

இப்படிக்கு,
அண்ணன் கணேசமூர்த்தி

பி.கு.: பத்திரிகை வந்த அன்றே லீவுக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன். மானேஜரும் கையெழுத்துப் போட்டுவிட்டார். இந்த முறை பஸ்ஸை நம்புவதாக இல்லை, இரண்டு நாள் முன்பே வந்துவிடுகிறேன். பஸ் நிலையத்தில் யாரையாவது நிற்கச் சொல். நீங்கள் வீடு மாறிய பிறகு உன் வீட்டுக்கு எப்படி வருவது என்று எனக்குத் தெரியாது.