உதைக்கும் பெட்டிக்கு ஒரு சோடிச் செருப்பு

பள்ளிமுனைச் சிங்கராசா வீட்டில் மீன் வைக்கும் குளிர்ப்பெட்டி ஒன்று உண்டு. அது மீனையும் கெடவிடாது, தொட்டவரையும் சும்மா விடாது. ஈரக்கையோடு மூடியைத் திறந்தால் முழங்கை வரைக்கும் உதைக்கும். ஆகவே பெட்டிக்கு முன்னால் ஒரு சோடி றப்பர் செருப்பு எந்நேரமும் கிடக்கும். அதைப் போட்டுக்கொண்டு திறப்பது குடும்ப வழக்கம். ஒன்பது வருடமாக இந்த ஏற்பாட்டில் யாருக்கும் மனக்குறை இல்லை.

மகள் ஜெசிக்கா தலைப்பிரசவத்துக்கு வரப்போகிறாள் என்றதும்தான் சிங்கராசாவின் மனைவி பிலோமினாவுக்குப் பயம் வந்தது. பிள்ளைத்தாச்சி ஒருநாள் செருப்பை மறந்தால் என்னாவது? வயறிங் வேலை செய்யும் பைசரைக் கூப்பிட்டாள். அவன் சுவிச்சுகள் பூட்டியிருந்த பழைய மரப்பலகையைப் பார்த்துத் தலையிலடித்துக்கொண்டான். மின்சாரம் ஒழுகினால் கண்ணிமைக்கும் நேரத்தில் தானாக விழுந்து கரண்டை நிறுத்தும் றிப் சுவிச் ஒன்று பூட்ட வேண்டும், அரைநாள் வேலை. ஆனால் மீற்றரின் முத்திரையை உடைக்க மின்னபாயத் தவிர்ப்புக் கந்தோர் அனுமதி தரவேண்டும்.

கந்தோரில் அதிகாரி சீவரத்தினம் சேர் படிவத்தைப் பேனையால் தட்டினார்.

"விபத்து நடந்ததோ?"

"ஒவ்வொரு நாளும் அடிக்குது சேர்."

"செருப்புப் போட்டுத்தானே திறக்கிறியள்?"

"ஓம்."

"அப்ப அடிக்குமெண்டு தெரிஞ்சுதான் திறக்கிறியள். தெரிஞ்சு நடக்கிறது விபத்தில்லை அம்மா. அது உங்கட வீட்டுப் பழக்கம். பழக்கத்துக்கு நாங்கள் அனுமதி குடுக்கேலாது."

பிலோமினாவுக்குக் கோபம் வந்தது. யோசித்துப் பார்த்தால் அவர் சொன்னதில் பிழை ஒன்றும் அகப்படவில்லை. அதனால் இன்னும் கோபம் வந்தது.

மூன்று மாதம் நடந்தாள். ஒருநாள் செருப்பில்லாமலே அடிவாங்கிவிட்டுப் போய்ச் சொன்னாள். வேண்டுமென்று வாங்கிய அடி செல்லாது என்றார்கள். இதற்குள் ஜெசிக்காவும் வந்து இறங்கிவிட்டாள். பிலோமினா பெட்டியடியில் கதிரை போட்டுக் காவல் இருந்தாள்.

கடைசியில் களப் பரிசோதனைக்குச் சேரே வந்தார். வாசலில் சப்பாத்தைக் கழற்றி, கால் கழுவி, மரியாதையாக உள்ளே வந்தார். பிலோமினா செருப்பை நீட்டினாள்.

"அரச கடமையில இருக்கிறவன் ஆற்றையோ செருப்பைப் போடேலாது" என்று சொல்லி மூடியைப் பிடித்தார்.

பிடித்தவர் கதிரையில் போய் விழுந்தார். மூக்குக்கண்ணாடி மீன்கூடைக்குள் போனது. பிலோமினா ஓடிப்போய்த் தண்ணீர் கொடுத்தாள். மனதுக்குள் மாதாவுக்கு நன்றியும் சொன்னாள், பொய் சொல்வானேன்.

"விபத்து" என்றார் சேர், நெஞ்சைப் பிடித்தபடி.

மறுநாளே அனுமதி வந்தது. 'அரச உத்தியோகத்தர் ஒருவருக்கு எதிர்பாராத வகையில் நேர்ந்த மின்தாக்கினைக் கருத்திற்கொண்டு' என்று தொடங்கிய கடிதம் அது. பைசர் றிப் சுவிச்சைப் பூட்டினான். கந்தோர் கொடுத்த பாதுகாப்புச் சான்றிதழைச் சட்டம் போட்டுத் திருஇருதயப் படத்துக்குப் பக்கத்தில் மாட்டினார்கள்.

குளிர்ப்பெட்டியைப் போட்டதும் சுவிச் டக்கென்று விழுந்தது. தூக்கிவிட்டால் மறுபடி விழுந்தது.

"சுவிச் சரியா வேலை செய்யுது அக்கா. பெட்டிதான் பழுது. திருத்துமட்டும் போடாதேங்கோ" என்றான் பைசர்.

ஒன்பது வருடம் ஓடிய பெட்டி இந்தச் சுவிச் வந்த பிறகுதான் நிற்கிறது, ஆகவே பழுது சுவிச்சில்தான் என்று சிங்கராசா வாதாடினார். உள்ளே நாற்பது கிலோ பாரை மீன். ஐஸ் உருகி நிலத்தில் ஓடத் தொடங்கியது. எல்லாரும் பிலோமினாவைப் பார்த்தார்கள்.

"சுவிச்ச விட்டுட்டு நேரா கம்பிய இழுங்கோப்பா" என்றாள் அவள். அவளுக்கே தன் குரல் பிடிக்கவில்லை.

பைசர் சாமான்களைப் பொறுக்கிக்கொண்டு போய்விட்டான். சிங்கராசா தாமே கம்பியை இழுத்து, வலைக்குப் போடும் முடிச்சால் இறுக்கிக் கட்டினார். அந்த முடிச்சு ஒருநாளும் அவிழாது.

பேத்தியின் ஞானஸ்நான விருந்துக்குச் சீவரத்தினம் சேரும் வந்தார். சான்றிதழைப் பார்த்துப் பூரித்தார். அவருடைய கைப்பையில் அவருடைய சொந்த றப்பர் செருப்பு இருந்தது. பெட்டிக்கு முன்னால் கிடந்த பழைய சோடிக்குப் பக்கத்தில், பிலோமினா பேத்திக்காக வாங்கிய முதல் பரிசு கிடந்தது: உள்ளங்கையளவில் ஒரு சோடி.