பொட்டியைத் தட்டிப் பார்த்த ஆடிட்டர்

கண்ணால் பார்க்காத எதையும் நம்பாத மனிதர் இந்த நாட்டிலேயே ஒருவர்தான். அவர் எங்கள் குடோன் சார். அம்பத்தூர் எஸ்டேட்டில் ரப்பர் கேஸ்கெட் செய்யும் எங்கள் கம்பெனிக்குப் பதினான்கு வருடம் ஆடிட்டராக இருந்தவர். மற்ற ஆடிட்டர்கள் ஏ.சி. அறையில் உட்கார்ந்து ஃபைல் கேட்பார்கள். இவர் பேன்ட்டை மடித்துவிட்டுக்கொண்டு நேராகக் குடோனுக்குள் போய், ஏணியில் ஏறி ஒவ்வொரு பெட்டியாகத் தட்டிப் பார்ப்பார். கேன்டீனில் "சாப்பாடு ரெடி" என்றால்கூட, மூடியைத் திறந்து பார்த்த பிறகுதான் கை கழுவப் போவார்.

முதலாளி வியட்நாமில் ஒரு கிளை தொடங்கினார். உடனே வெளிநாட்டுக்கு ஏற்ற ஆடிட்டர் வேண்டியிருந்தது. தேர்வு நடந்த லட்சணத்தை நினைத்தால் இன்றும் எனக்கு வயிறு எரிகிறது. ப்ரொஜெக்டரை ஓட்டிய பாவி நான்தான். ஒரு பெரிய ஆடிட் கம்பெனியிலிருந்து கோட்டு போட்ட நாலு பேர் வந்து, தங்களுக்கு ஆபீஸ் இருக்கும் நாடுகளுக்கெல்லாம் நீலப் புள்ளி வைத்த உலகப் படத்தைக் காட்டினார்கள். முதலாளி ஒரு கேள்விகூடக் கேட்காமல் புள்ளிகளை எண்ணிக்கொண்டிருந்தார்.

பிறகு, ஓரமாக உட்கார்ந்திருந்த குடோன் சாரிடம் திரும்பி, "உங்களுக்கு எங்கெல்லாம் ஆபீஸ் இருக்கு?" என்றார்.

"அம்பத்தூர்ல ஒண்ணு கீது. ஆவடில என் ஊடு. அவ்ளோதான்" என்றவர், கோட்டுக்காரர்களைப் பார்த்தார். "வியட்நாம் குடோனுக்கு உங்கள்ல யாரு போவீங்க?"

"அங்கே எங்க பார்ட்னர் ஆபீஸ் இருக்கு சார். அவங்க ரிப்போர்ட் அனுப்புவாங்க."

"அவங்களாவது குடோனுக்குப் போவாங்களா?"

கோட்டுக்காரர்களில் ஒருவர் என்னிடம் அடுத்த ஸ்லைடைப் போடச் சொன்னார். வேலை அவர்களுக்கே போனது. பதினான்கு வருடம் பெட்டி தட்டியவருக்கு ஒரு சால்வை, ஒரு சுவர்க்கடிகாரம்.

அடுத்த வருடம் ரிப்போர்ட் வந்தது. வியட்நாம் குடோனில் சரக்கு நிறைய இருக்கிறதாம். ஆனால் ஆர்டர் கொடுத்தவர்களோ, சரக்கு வரவில்லை என்று மெயில் மேல் மெயில் போட்டார்கள். முதலாளிக்குப் பயம் பிடித்துக்கொண்டது. குடோன் சாரையே கூப்பிட்டார். நானாக இருந்தால் முகத்திலடித்த மாதிரி மறுத்திருப்பேன். அவர் அவசரமாகப் பாஸ்போர்ட் எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

போன நாலாம் நாள் போன் வந்தது.

"மொதலாளி, பொட்டி கீது. உள்ள ஒண்ணும் இல்ல."

கிளை மேனேஜர் சரக்கை வெளியில் விற்றுவிட்டுக் காலிப் பெட்டிகளை அடுக்கி வைத்திருந்தான். அந்த மகா ஆடிட்டர்கள் பார்த்ததெல்லாம் ஃபோட்டோ.

"இனிமே நீங்களே பாத்துக்கங்க சார்" என்றார் முதலாளி.

"எனக்கு இந்த ஊரு சட்டம் தெரியாது. இங்க ஒரு பொண்ணு சின்னதா ஆடிட் ஆபீஸ் வெச்சிகினு கீது. எனக்குத் தொணைக்கு வந்துச்சு. அது பேசறது எனக்குப் புரியல. ஆனா எனக்கு முன்னாடி ஏணில ஏறித் தட்டுது. அந்தப் பொண்ணயே போடுங்க."

போட்டார்கள்.

திரும்பி வந்தவரை ஏர்போர்ட்டிலிருந்து நான்தான் கம்பெனி காரில், பின் சீட்டில் பக்கத்தில் உட்கார்ந்து அழைத்து வந்தேன். வழியெல்லாம் அவருக்காக முதலாளியையும் கோட்டுக்காரர்களையும் திட்டித் தீர்த்தேன். பதிலே இல்லையே என்று பார்த்தால், குமணன்சாவடி சிக்னலில் என் தோளில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தார். நான் வாயை மூடிக்கொண்டேன். ஆவடி வரைக்கும் மெதுவாகவே போகச் சொன்னேன் டிரைவரை.