தாளாளர் ஐயாவைச் சிறைக்கு அனுப்பிய கட்டுரை

சங்கரன்கோவில்,
திங்கட்கிழமை.

அன்பும் மரியாதையும் நிறைந்த பாண்டியராஜ் மாமாவுக்கு,

உங்கள் அக்காள் மகள் அபிதா வணங்கி எழுதுவது. கோமதியம்மன் காவலில் அப்பா, அம்மா, தம்பி மூவரும் இங்கே சுகம். திருப்பூரில் நீங்களும் அத்தையும் குட்டிப் பயலும் அதேபோல் சுகமாக இருக்க வேண்டிக்கொள்கிறேன். நான் சுகமாக இல்லை. மூன்று நாளாகச் சோறு இறங்கவில்லை. பத்தாம் வகுப்பு என்று சொல்லி அப்பா போனைப் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டதால்தான் கடிதம். வாசித்ததும் கிழித்துப் போடுங்கள். அத்தையிடம் மட்டும் சொல்லலாம்.

டியூஷனில் மகாராஜன் சார் எங்களுக்கு ஒரே ஒரு கட்டுரைதான் கொடுத்திருக்கிறார். "பேரு வர வேண்டிய இடத்துல எல்லாம் கோடு போட்டிருக்கேன். பரீச்சையில எந்தத் தலைவர் வந்தாலும் அவரைத் தூக்கி அந்தக் கோட்டுல உக்கார வச்சிருங்க" என்பார். எட்டாம் வகுப்பிலிருந்து நான் ஆறு தலைவர்களை உட்கார வைத்திருக்கிறேன். ஆறு பேரும் ஏழைக் குடும்பத்தில் பிறந்து, தெருவிளக்கில் படித்து, ஒன்பது ஆண்டுகள் சிறையில் வாடி, இரண்டே வேட்டியோடு வாழ்ந்து செத்துப்போனார்கள். யாருக்கும் மதிப்பெண் குறைந்ததில்லை. நான் பள்ளிக்கூடத்தில் உருப்படியாகக் கற்றுக்கொண்டது தலைப்புக்குக் கீழே கறுப்பு ஸ்கெட்சால் நேராகக் கோடு இழுப்பதுதான், அதை வேண்டுமானால் எந்த ஊரிலும் வந்து செய்து காட்டுவேன்.

இந்தக் காலாண்டுத் தேர்வில் 'நீங்கள் நேரில் கண்டு வியந்த ஒருவர்' என்று கேட்டுவிட்டார்கள் மாமா. நேரில் என்று போட்டிருந்ததும் எனக்குப் பேனா ஓடவில்லை, ஏனென்றால் அந்த ஆறு பேரையும் நான் பாடப்புத்தகத்தில்தான் பார்த்திருக்கிறேன், நேரில் பார்த்த பெரிய மனிதர் யார் யார் என்று யோசித்து நிமிர்ந்தால் எதிர்ச் சுவரில் எங்கள் பள்ளித் தாளாளர் தங்கப்பழம் ஐயாவின் படம். தூக்கிக் கோட்டில் உட்கார வைத்துவிட்டேன். பள்ளிக்கூடமே அவருடையது, ரைஸ் மில் இரண்டு, ஊருக்குள் பாதிக் கடை அவருடையது. அவரை ஏழைக் குடும்பத்தில் பிறக்க வைத்து, தெருவிளக்கில் படிக்க வைத்து, ஒன்பது ஆண்டுகள் சிறையிலும் போட்டுவிட்டேன்.

அதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. 'நாட்டுத் தொண்டு' என்ற பத்தியில் பாதி மறந்துபோயிற்று. முந்தின நாள் ஞாயிற்றுக்கிழமை டிவியில் ஒரு சண்டைப் படம் பார்த்திருந்தேன், கை அதுபாட்டுக்கு எழுதியது. அதனால் தங்கப்பழம் ஐயா கொட்டும் மழையில் ஒரு கையில் குழந்தையைத் தூக்கிக்கொண்டு மறு கையால் பதினான்கு பேரை அடித்து வீழ்த்தினார். அவருக்கு எழுபத்தெட்டு வயது. காரிலிருந்து இறக்க இரண்டு பேர் வேண்டும். எனக்கு அந்தப் படத்தில் கதாநாயகனைக்கூடப் பிடிக்கவில்லை மாமா, அடி வாங்கிக் கண்ணாடி மேல் விழுந்தாரே ஒருத்தர், பெயர்கூடப் போட மாட்டார்கள், அவரைத்தான் பிடித்தது. அதை எழுத எந்தத் தலைப்பும் இல்லை.

முடிவுரையை மட்டும் மறக்கவில்லை. 'இன்று தங்கப்பழம் ஐயா நம்மிடையே இல்லை. ஆயினும் அவர் புகழ் என்றும் அழியாது.'

எட்டுக்கு எட்டு மதிப்பெண். திருத்தியது விஜிதா மிஸ். ஜூன் மாதம் வந்த தமிழ் மிஸ், வாசுதேவநல்லூரிலிருந்து பஸ்ஸில் வருவார்கள், நூற்று நாற்பது தாளையும் அந்தப் பஸ்ஸிலேயே திருத்துவார்கள். தலைப்பைப் பார்த்திருக்கிறார்கள், அடிக்கோட்டைப் பார்த்திருக்கிறார்கள், போட்டுவிட்டார்கள். வருகிற வெள்ளிக்கிழமை நிறுவனர் நாள் விழா. தாளாளர் முன்னிலையில் நான் அந்தக் கட்டுரையை வாசிக்க வேண்டுமாம். கேட்டதும் நான் மிஸ்ஸிடம் ஓடினேன்.

"மிஸ், நான் வாசிக்கல மிஸ். தொண்டை கட்டியிருக்கு."

"சுக்கு வெந்நீர் குடிட்டி. ஐயாவைப் பத்தி இதுவரை ஒரு பிள்ளை எழுதுனதில்ல. கேட்டா எவ்வளவு சந்தோசப்படுவாக."

"அந்தப் பேப்பரை மட்டும் தாங்க மிஸ், ரெண்டு எழுத்துப்பிழை இருக்கு."

"அதை ஹெச்.எம். லேமினேட் பண்ணக் குடுத்துட்டாகளே. ஐயாவுக்கு நினைவுப் பரிசே அதுதான்."

மாமா, வாசிக்கும்போது நான் வரியை விழுங்கினாலும் அவர் வீட்டில் போய் நிதானமாக வாசிப்பார். என்னை டி.சி. கொடுத்து அனுப்பட்டும், அது என் தலைவிதி. ஆனால் விஜிதா மிஸ் தாளாளர் பார்த்துப் போட்ட தற்காலிக வேலையில் இருக்கிறார்கள். அவர் வேண்டாம் என்றால் மறுநாளே வேண்டாம். என் பக்கத்து பெஞ்சு ஹஸ்னா பானுவிடம் யோசனை கேட்டேன், அவள் "மிஸ் கிட்ட உண்மையைச் சொல்லிரு ட்டி" என்கிறாள். எப்படிச் சொல்ல? உங்கள் தாளாளரைக் கொன்றுவிட்டேன், நீங்கள் கவனிக்கவில்லை என்றா சொல்ல முடியும்? இந்தப் பள்ளிக்கூடத்தில் எங்களை உருட்டி மிரட்டாமல் பெயர் சொல்லிக் கூப்பிடுகிற ஒரே ஆள் அவர்கள்தான். பிரேயரில் நான் மயங்கி விழுந்த அன்று தன் டிபன் இட்லியை எனக்குக் கொடுத்துவிட்டு, தான் பசிக்கவில்லை என்று சொன்னவர்கள். அவர்கள் வேலை என்னால் போகப்போகிறது.

அப்பாவோ டீக்கடை முழுக்கச் சொல்லிவிட்டார். "நம்ம குடும்பத்துலயே மேடை ஏறுத மொத ஆளு எம் மகதான் வே" என்று அவர் சொல்வது வீட்டுக்குள் இருக்கும் எனக்கே கேட்கிறது. முன் வரிசையில் உட்காரப் போகிறாராம்.

ஆகவே மாமா, உங்கள் காலில் விழுந்து கேட்கிறேன். வியாழக்கிழமையே அப்பாவுக்குப் போன் போட்டு, வெள்ளிக்கிழமை குட்டிப் பயலுக்குக் காதுகுத்து, குடும்பத்தோடு வந்தே தீர வேண்டும் என்று சொல்லுங்கள். போன வருஷமே குத்தியாகிவிட்டது என்று அப்பாவுக்கு ஞாபகம் இருக்காது. அம்மாவை நான் பார்த்துக்கொள்கிறேன்.

அத்தைக்கு என் வணக்கம். குட்டிப் பயலுக்கு முத்தம், அவன் காதுக்கும் சேர்த்து. சாமி உங்களை நல்லா வைக்கட்டும், என்னையும் கொஞ்சம் பார்க்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் மருமகள்,
அபிதா.

பி.கு: இன்று வெள்ளிக்கிழமை சாயந்தரம். தபால் பெட்டி இருந்த இடத்தில் பெட்டி இல்லை, கடிதம் நாலு நாளாக என் பையிலேயே கிடந்தது. விழா முடிந்துவிட்டது. நான் முழுவதையும் வாசித்தேன். தலைப்பு வரும்போதெல்லாம் கை தட்ட வேண்டும் என்று பிள்ளைகளுக்குச் சொல்லி வைத்திருந்தார்கள், தட்டினார்கள். சிறை வந்தபோது தாளாளர் ஐயா துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பதினான்கு பேரை அடித்தபோது பக்கத்தில் இருந்தவர் அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். 'இன்று ஐயா நம்மிடையே இல்லை' என்றதும் ஹெச்.எம். பழக்கதோஷத்தில் மைக்கை வாங்கி, எல்லாரும் எழுந்து ஒரு நிமிடம் மௌனமாக நிற்போம் என்றார். எல்லாரும் எழுந்தார்கள். இரண்டு பேர் தூக்கிவிட, ஐயாவும் எழுந்து தலை குனிந்து நின்றார். அப்பா கண்ணை மூடியிருந்தார். விஜிதா மிஸ் மட்டும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மேடைக்குப் பின்னால் வந்து என் கையைப் பிடித்தார்கள். அவர்கள் கை சில்லென்று இருந்தது. "நான் வாசிக்கவே இல்ல அபிதா. வாசிக்காம மார்க் போட்டுட்டேன். மன்னிச்சிரு" என்றார்கள். ஒரு மிஸ் என்னிடம் மன்னிப்புக் கேட்டதில் எனக்கு அழுகை வந்துவிட்டது. "உங்க வேலை போயிரும்னு பயந்துட்டேன் மிஸ்" என்றேன். "அது போகாது, ஒருத்தரும் காது குடுத்துக் கேட்கல" என்று சொல்லிவிட்டு, "திங்கக்கிழமை இன்னொண்ணு எழுதிட்டு வா. உனக்கு நெசமாவே யாரைப் பிடிக்குமோ அவங்களைப் பத்தி. தலைப்பு வேண்டாம், கோடு வேண்டாம். வரிக்கு வரி நான் வாசிக்கேன்" என்றார்கள்.

அதனால் நீங்கள் போன் போட வேண்டாம் மாமா. வீட்டுக்கு வந்ததிலிருந்து அந்தப் புதுக் கட்டுரையை நாலு தடவை எழுதிக் கிழித்துவிட்டேன். மேடையில் நின்றபோதுகூட இவ்வளவு பயமில்லை. இதை ஒருத்தர் வாசிக்கப் போகிறார்.