பத்து எண்ணத் தெரியாத பெரியப்பா

ஏணியை இரவல் கொடுத்துவிட்டு அது திரும்பி வரும்வரை தூங்காதவர்கள் உண்டு. ஆனால் கேட்காமலே, கைம்மாறு எதிர்பாராமலே, தன் வாயை அடுத்தவருக்கு இரவல் கொடுக்கிற ஒரு பிறவி உண்டே, அவரைப் பார்த்திருக்கிறீர்களா? பார்க்காமல் என்ன! "என்ன பண்ணுது?" என்று டாக்டர் உங்களைக் கேட்டதும் பக்கத்து நாற்காலியிலிருந்து பதில் வந்ததே, அவர்தான். நீங்கள் ஒரு சொல்லுக்காகத் தொண்டையைக் கனைத்தால், அந்தச் சொல்லையும் அதன் சுற்றத்தாரையும் கூட்டிக்கொண்டு வந்து நிறுத்துவார். நல்லவர். அதுதான் தொல்லையே.

இந்த இனத்தின் முழு வளர்ச்சியைக் காண என் வீட்டுக்கு வாருங்கள். என் மகளுக்கு ஏழு வயது. நாம் சொல்வதெல்லாம் புரியும். பேச்சு மட்டும் வரவில்லை. அதற்குப் பதிலாக ஒரு புத்தகம் வைத்திருக்கிறாள். தண்ணீர், ஊஞ்சல், வலி, வேண்டாம் என்று படம் போட்ட அட்டைகள் அதில் ஒட்டியிருக்கும்; வேண்டியதைப் பிரித்தெடுத்து நம் கையில் கொடுப்பாள். கொடுக்கக் கொஞ்ச நேரமாகும். அந்தக் கொஞ்ச நேரத்தில்தான் அவள் பெரியப்பா, அதாவது என் அண்ணன், குடியிருக்கிறார்.

"என்னடா கண்ணு வேணும்?" என்று அவரே கேட்பார். "பிஸ்கட்டா? பிஸ்கட்தான். எனக்குத் தெரியாதா?" என்று அவரே சொல்வார். அவரே எடுத்து வருவார். பாதியை அவரே தின்பார்.

போன மாதம் அவள் திடீரென்று தன் மணிக்கட்டைக் கடிக்க ஆரம்பித்தாள். பல் பதிந்து தோல் சிவந்துவிட்டது. முதல் நாள் "பசி" என்றார் அண்ணன். மறுநாள் "பிடிவாதம்." மூன்றாம் நாள் "வயசு அப்படி." ஒரு வாரம் பொறுத்த என் மனைவி, இப்படிப்பட்ட குழந்தைகள் மனதில் உள்ளதை எப்படித் தெரிவிக்கிறார்கள் என்று ஆராய்கிற ஒரு பெண்ணிடம் மகளைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். அண்ணனும் வந்தார். வராமல் இருப்பாரா?

சின்ன அறை, குட்டை மேசை, மூலையில் ஒரு கேமரா. அரைமணி நேரம் எங்களைக் குழந்தையோடு விளையாடவிட்டுப் படம் பிடித்தார் அந்தப் பெண். பிறகு அதைப் போட்டுப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"பாப்பாவை நாற்பத்தோரு கேள்வி கேட்டிருக்கீங்க. முப்பத்தெட்டுக்குப் பெரியப்பா பதில் சொல்லியிருக்கார். மூணுக்கு அப்பா."

"அந்த மூணை எப்படி விட்டேன்?" என்று வருத்தப்பட்டார் அண்ணன்.

"பாப்பா ஒண்ணுக்குக்கூடச் சொல்லலைங்க. அவ கை புத்தகத்துக்குப் போகவே ஏழு வினாடி ஆகுது, நீங்க ஒண்ணுலயே ஆரம்பிச்சிடறீங்க. கேட்டுட்டு மனசுக்குள்ள பத்து எண்ணுங்க."

அண்ணன் எண்ணினார். சத்தமாக எண்ணினார். மனசுக்குள் என்று நினைவுபடுத்தியதும் மறுபடி தொடங்கினார், நான்கில் புருவம் ஏறியது, ஐந்தில் கழுத்து புத்தகத்தின் பக்கம் நீண்டது, ஆறில் "தண்ணி!" என்று வெடித்துவிட்டார். என்ன செய்வார், பாவம்? ஐம்பது வருடப் பழக்கம். நான்தான் எழுந்து போய் அவர் வாயைப் பொத்தினேன்; உடன்பிறப்பு வேறு எதற்கு? இன்னொரு கையால் என் வாயைப் பொத்திக்கொண்டேன்.

"என்னம்மா பண்ணுது உனக்கு?" என்று கேட்டாள் என் மனைவி.

ஏழில் குழந்தையின் கை நகர்ந்தது. ஒன்பதில் 'வலி' அட்டை அம்மாவின் கையில் இருந்தது. "தப்பா எடுத்துட்டா..." என்று என் விரலிடுக்கில் ஒரு குரல் கசிந்தது. யாரும் சட்டை செய்யவில்லை.

"எங்கடா வலிக்குது?"

பத்து ஆயிற்று. ஒன்றுமில்லை. பதினொன்று. பன்னிரண்டு. மகள் தன் இடது காதைத் தொட்டாள்.

அங்கிருந்து நேரே டாக்டரிடம் போனோம்; அவர் விளக்கடித்துப் பார்த்தார். காதுக்குள் சீழ் கட்டியிருந்தது. மருந்து கொடுத்து நாலே நாளில் கடிப்பது நின்றது. ஒரு வாரமாக அவள் சொல்ல வந்ததையெல்லாம் நாங்கள் பிஸ்கட் போட்டு அடைத்திருக்கிறோம். எனக்கு அழுகையும் வந்தது, வெட்கமாகவும் இருந்தது. அன்று டாக்டரிடமிருந்து திரும்பும் வழியெல்லாம் அண்ணன் விரல்விட்டுப் பத்து எண்ணிக்கொண்டே வந்தார்.

இப்போது அண்ணனைப் பார்த்துச் சிரிக்கிறீர்கள் அல்லவா? சிரியுங்கள். உங்கள் வீட்டிலும் திக்கிப் பேசுகிற மாமாவோ, யோசித்துப் பேசுகிற மனைவியோ, தொடங்கிவிட்டு எச்சில் விழுங்குகிற பிள்ளையோ இருக்கலாம். அவர் கடைசியாகத் தானே சொல்லி முடித்த வாக்கியம் எது? நினைவில்லையென்றால் அவரிடமே கேட்டுப் பாருங்கள். பதில் யார் வாயிலிருந்து வரும் என்பதில்தான் எனக்குச் சந்தேகம்.