ஈசோப்புக்குப் பாலாபிஷேகம்

உலகமே மன அமைதி தேடி வருகிற ஊர் திருவண்ணாமலை. அப்படி வந்தவர்களின் அமைதியை வாசலிலேயே பிடுங்கிக்கொண்டு அனுப்பிய ஒரே மனிதர், எனக்குத் தெரிந்து, கிள்ளாதேதான். அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று அவருக்கு இருந்தது. அடி அண்ணாமலையில் அது ரேஷன் கார்டில் மட்டும்தான் வாழ்ந்தது.

மின்கம்பம் ஏறி ஏறி ஓய்வு பெற்றவர். கிரிவலப் பாதையை ஒட்டிய அவர் வீட்டு மாடியில் நான் குடியிருந்தேன். மாடி எனக்குக் கிடைத்த கதையே தனி. வீடு பார்க்க வருகிறவர்களை முதலில் ஒரு தொட்டிச் செடியின் முன்னால் நிறுத்துவார். முழங்கால் உயரம், ஒல்லி இலை, புதினாவோடு கற்பூரம் கலந்த மாதிரி வாசனை. முகர்ந்து பார்க்கச் சொல்வார். வந்தவர் கை தானாக நீண்டு ஒரு இலையைக் கிள்ளும். "கிள்ளாதே" என்று ஒரு கத்தல். அடுத்த நிமிடம் வந்தவர் கேட்டுக்கு வெளியே நிற்பார். நான் போன அன்று என் இரண்டு கையிலும் பை இருந்தது. அதனால் வீடு கிடைத்தது.

அந்தச் செடிதான் ஈசோப்பு. பைபிள் படித்தவர்களுக்குப் பெயராவது தெரியும், மற்றவர்களுக்கு அதுவும் தெரியாது. எனக்கு முன்னால் மாடியில் இருந்த ஜெர்மன்கார அம்மா விதை கொண்டுவந்து வளர்த்தது. ஓயாமல் இருமிக்கொண்டிருந்த இவருக்கு அந்த இலையில் டீ போட்டுக் கொடுத்திருக்கிறார். இருமல் நின்றுவிட்டது. அது ஈசோப்பாலா, அதே வாரம் பீடியை விட்டதாலா என்று கேட்ட மருந்துக் கடைக்காரரோடு இவர் இன்றுவரை பேசுவதில்லை. அடுத்த வருஷம் வருகிறேன் என்று செடியை இவரிடம் விட்டுப் போன அந்த அம்மா வரவில்லை. இறந்துபோனதாகத் தகவல்தான் வந்தது.

அன்றிலிருந்து செடிக்கு இவர் காவல். ஈசோப்புக்கு வெயில் வேண்டும், ஆனால் நம் ஊர் மத்தியான வெயில் ஆகாது. தண்ணீர் வேண்டும், ஆனால் வேரில் ஈரம் தங்கினால் அழுகிவிடும். யாரோ வீடு இடிக்கிறார்கள் என்று கேள்விப்பட்டால் சாக்கோடு போய்ப் பழைய சுண்ணாம்புக் காரையை அள்ளி வந்து, நொறுக்கி, சரளையோடு கலந்து தொட்டிக்குப் போடுவார். பாவம் வாடுகிறதே என்று ஒருநாள் நான் ஒரு மக்கு தண்ணீர் ஊற்றிவிட்டேன்.

"தாகம் எடுத்தா அது என்கிட்ட சொல்லும். உன்கிட்ட சொல்லுச்சாப்பா?"

செங்கம் ரோட்டில் காபி கடை வைத்திருப்பவர் சூப்புக்கென்று கெஞ்சிக் கேட்டு ஒரு கொத்து வாங்கிப் போனார். சூப் எப்படி என்று பார்க்கப் போன கிள்ளாதே, ஒரு வெள்ளைக்காரரின் லெமன் சோடாவில் அந்தக் கொத்து செருகியிருப்பதைப் பார்த்தார். கிளாஸிலிருந்து அதை உருவி, உதறி, சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"செருகி வெக்க இது இன்னா கொண்ட ஊசியா? மொச்ச கொழம்புல ரெண்டு எல போடு. ஜாஸ்தி போட்டா கசக்கும்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார். அந்த வெள்ளைக்காரர் வாய் மூட நேரமாயிற்று.

அந்த வருஷம்தான் செடி முதல்முறையாகப் பூத்தது. நீலப் பூ, கதிர் கதிராக. செடிக்கு வயசாகிவிட்டது. ஒடித்து நட்ட குச்சிகள் எல்லாம் அழுகிப்போயிருந்தன. இந்தப் பூ விதை பிடித்தால்தான் உண்டு. எதிர் வீட்டுக்காரர் போட்ட தகரக் கொட்டகை காலை வெயிலை மறைக்கிறது என்று அவரோடு ஒரு பாட்டம் சண்டை போட்டுவிட்டு, தொட்டியைக் கேட்டுக்கு வெளியே பாதையோரம் வைத்தார்.

அடிப் பூக்கள் உதிர்ந்து கதிர் காயத் தொடங்கிய நேரத்தில் பௌர்ணமி வந்தது. மத்தியானம் சாப்பிட்டுக் கொஞ்சம் கண்ணயர்ந்தார்.

வாசனை பிடித்து நின்ற யாரோ ஒரு புண்ணியவான், இது மலை மூலிகை என்று தானே முடிவு செய்து, தொட்டிக்கு மஞ்சள் குங்குமம் வைத்துவிட்டார். ஒருவர் வைத்துவிட்டால் நம் ஊரில் அடுத்தவருக்குக் கேள்வி கிடையாது. கற்பூரம் வந்தது. பால் பாக்கெட்டைப் பல்லால் கடித்துத் திறந்து அபிஷேகமே நடந்தது. வேலை முடிந்து நான் வந்தபோது ரோடு அடைத்துக் கூட்டம். வெட்டாத தாடியும் வெற்று மார்புமாகக் கிள்ளாதே அப்போதுதான் வெளியே பாய்ந்தார்.

"அறிவு இருக்குதா உங்களுக்கெல்லாம்? புள்ள மாரி வளத்துனு இருக்கேன், பால ஊத்திக் கொல்றீங்களே. கிள்ளாதேடி. போங்க எல்லாரும்."

வேறு ஊராக இருந்தால் கூட்டம் ஓடியிருக்கும். இது தாடிக்காரர் திட்டினால் வினை தீரும் என்று நம்புகிற ஊர். ஒரு அம்மா தடாலென்று காலில் விழுந்தார். "சாமி திட்டிட்டாரு. எங்க பீட போயிடுச்சு." பின்னாலேயே வரிசை கட்டிவிட்டார்கள். "சாமி, எம் புள்ளைய ரெண்டு வார்த்த திட்டுங்க, ப்ளஸ் டூ எழுதப்போறான்" என்றார் கீழ்பென்னாத்தூர்ப் பெண் ஒருவர். இவர் கத்தக் கத்த அவர்களுக்குப் பரவசம். ஆளுக்கொரு கொத்து ஒடித்துப் பிரசாதமாக முடிந்துகொண்டார்கள். நான் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு போய்ச் சேர்ந்தபோது தொட்டியில் பாலும் குச்சியும்தான் மிச்சம்.

எனக்கு இன்னும் ஆறவில்லை. மணக்கிற எதையும் உயிரோடு விட்டுவைக்காத பக்தி என்ன பக்தி? அந்தப் பாலை வழியில் உட்கார்ந்திருக்கிற யாருக்காவது கொடுத்திருந்தால் வயிறாவது குளிர்ந்திருக்கும்.

வேரைக் கழுவி, மண்ணை மாற்றி என்னென்னவோ செய்து பார்த்தார். செடி செத்துப்போனது. அவரும் கத்துவதை நிறுத்திவிட்டார். எதிர் வீட்டு ஆடு உள்ளே புகுந்து செம்பருத்தியைத் தின்றது, பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தார். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

"ஆன்லைன்ல வெத கெடைக்குது சார், வாங்கித் தரட்டா?"

"அது வேற செடிப்பா" என்றார்.

அடுத்த பௌர்ணமிக்கு அந்தக் கீழ்பென்னாத்தூர் அம்மா வந்தார். "சாமி திட்டுனதுல இருந்து எம் புள்ள ஒழுங்கா படிக்கிறான்" என்று தட்டில் பழத்தோடு ஒரு மஞ்சள் துணி முடிப்பையும் நீட்டினார். சாமி அறையில் வைத்திருந்த பிரசாதமாம். பிரித்தால் காய்ந்த ஈசோப்புக் கதிர். கிள்ளாதே அதை உள்ளங்கையில் வைத்துத் தேய்த்து ஊதினார். எள்ளைவிடப் பொடிசாகக் கறுப்பு விதைகள் நின்றன.

"யாரக் கேட்டுப் பறிச்சே நீ? பறிச்சதும் இல்லாம இவ்ளோ பத்திரமா வேற வெச்சினு இருந்தியா?" தெருவே அதிர்ந்தது. அந்த அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டார். திட்டிக்கொண்டே இவர் மேல்துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்கு வந்த கோபத்தில் பாதி அங்கேயே இறங்கிவிட்டது.

அந்த வாரமே எனக்கு வேலூருக்கு மாற்றல். ஒருநாள் விடிந்தும் விடியாமல் போன் வந்தது.

"மொளச்சிட்டுதுப்பா. அங்க உக்காந்துனு இன்னா புடுங்கினு இருக்க? வந்து பாக்கணும்னு தோணல?"

லீவு சொல்லிவிட்டு முதல் பஸ்ஸைப் பிடித்தேன். அவரிடம் நேரில் திட்டு வாங்கி ரொம்ப நாளாகியிருந்தது.