கிச்சன் பக்கம் திரும்பினால் தலை சுற்றும்

இனிமேல் யாருக்குமே தலை சுற்றாது என்று எங்கள் முதலாளி மேடையேறி முழங்கிவிட்டார். அதைச் செய்து காட்ட வேண்டிய பாவி நான்.

நாங்கள் மெய்நிகர் கண்ணாடி செய்கிறோம். கண்ணில் மாட்டினால் உட்கார்ந்த இடத்திலேயே உலகத்தைச் சுற்றலாம் என்பது விளம்பரம். மாட்டிய எல்லோருக்கும் தலைதான் சுற்றியது. தலை திரும்பினால் படமும் அந்தக் கணமே திரும்ப வேண்டும். எங்கள் படம் கொஞ்சம் யோசித்துவிட்டுத் திரும்பும். அதற்குள் வயிறு புரட்டிவிடும். இரண்டு வருஷம் மல்லுக்கட்டி, கண்ணுக்குக் கீழே கருவளையம் வாங்கி, ஒருவழியாகச் சரிசெய்தேன்.

"எதுக்கும் வீட்ல ஒரு தடவை மாட்டிப் பாத்துடுங்க" என்றார் முதலாளி.

சனிக்கிழமை என் மனைவியிடம் கண்ணாடியைக் கொடுத்து, எந்தப் பொத்தானை அழுத்துவது என்று காட்டினேன். போன் வந்தது, வெளியே போனேன். திரும்பி வந்தால் சோபாவில் நீட்டிப் படுத்திருந்தாள்.

"என்ன ஆச்சு?"

"தலை சுத்துதுங்க."

"எந்தப் பக்கம் திரும்பினா?"

"இடது பக்கம். கிச்சன் பக்கம் பாத்தாலே கிறுகிறுன்னு வருது."

"வலது பக்கம்?"

"டிவி பக்கமா? அது ஒண்ணும் பண்ணல."

சமைத்தேன். துணி துவைத்தேன். வீட்டைத் துடைத்தேன். ஞாயிற்றுக்கிழமையும் கிறுகிறுப்பு இறங்கவில்லை. இடுப்பு ஒடிந்தது எனக்குத்தான்.

திங்கட்கிழமை ஆபீசில் உண்மையைச் சொன்னேன். இடது பக்கம் கோளாறு. முதலாளி தலையில் கைவைத்துக்கொண்டு விற்பனையைத் தள்ளிவைத்தார். என்னோடு வேலை செய்பவர்கள் எல்லாக் கண்ணாடிகளின் இடது பக்கத்தையும் கழற்றிப் போட்டார்கள். ஒன்றும் அகப்படவில்லை. கடைசியில், வீட்டுக்கு எடுத்துப் போன கண்ணாடியையே திறந்தேன். மின்சாரம் பாயாமலிருக்கப் புதுப் பேட்டரிமேல் ஒட்டியிருக்கும் தாள் உரிக்காமல் அப்படியே இருந்தது. கொதித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். சோபாவில் கால்மேல் கால் போட்டபடி டிவி பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அந்தக் கண்ணாடி ஆனே ஆகலடி! பேட்டரித் தாளையே உரிக்கல!"

டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டாள்:

"ஆன் ஆகாமலே இந்தச் சுத்து சுத்துதே, ஆன் ஆயிருந்தா என் கதி என்னங்க?"

பாத்திரம் தேய்க்கப் போனேன்.